எக்ஸ்ரே இரவுகளைத் தொலைவிலிருந்து கண்காணியுங்கள்: செம்பனை ஆலைகளுக்கும் ஆட்டம் மலேசியாவுக்கும் ஒரு திறந்த மடல்

தெலுக் இந்தான், பேராக்

பெறுநர்: தெலுக் இந்தான், ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ வட்டாரச் செம்பனை எண்ணெய் ஆலைகளின் நிர்வாகிகள், ஆலைகளில் எக்ஸ்ரே வேலை எடுக்கும் சோதனை நிறுவனங்கள், ஆட்டம் மலேசியா எனப்படும் அணுசக்தித் துறை.

மதிப்புக்குரியவர்களே,

பழ வரத்து இறங்கும் மாதங்களில் இந்த வட்டாரத்து ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்த வேலைக்கு, அதாவது ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் வேலைக்கு, போகும். கொதிகலனில் தேய்ந்த குழாய்களை வெட்டி எடுத்து, புதுக் குழாய் வைத்து வெல்டிங் செய்து, இரவில் எக்ஸ்ரே எடுத்து, படம் சரியாக இருந்தால் தண்ணீர் அழுத்தச் சோதனை முடித்து நெருப்பு மூட்டுவார்கள். இந்த வரிசையில் யாரும் அதிகம் பேசாதது அந்த எக்ஸ்ரே இரவைப் பற்றித்தான். கொதிகலன் பழுதுபார்ப்பிலும் வெல்டிங் சோதனையிலும் இருக்கும் நாங்கள் உங்களிடம் கேட்பது இதுதான். ஒவ்வொரு எக்ஸ்ரே இரவையும் கேமரா, ஹெட்செட், உடலில் படும் கதிர் அளவை உடனுக்குடன் அனுப்பும் டோசிமீட்டர் ஆகியவற்றின் வழியாகத் தகுதி பெற்ற ஒருவர் முழு நேரமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். அதற்கான செலவு ஒப்பந்தத்தில் தனி வரியாக வர வேண்டும்.

இது புதிய யோசனை இல்லை. அமெரிக்க அணுமின் நிலையங்களில் எரிபொருள் மாற்றும் நிறுத்த வேலையின்போது, கதிர்ப் பாதுகாப்புத் தொழில்நுட்பர்கள் ஓர் அறையில் திரைகளுக்கு முன் அமர்ந்து, உள்ளே வேலை செய்பவர்களின் படத்தையும் குரலையும் கதிர் அளவையும் ஒன்றாகக் கவனிப்பது பல ஆண்டுகளாக வழக்கம். கூடவே போய் நின்று காவல் காத்தவர்களின் கதிர் அளவு அதனால் மிச்சமானது. உள்ளே இருப்பவர் தவறான பக்கம் நகர்ந்தால் உடனே குரல் கொடுக்கவும் முடிந்தது. அங்கே வாசலிலேயே ஒரு பாதுகாப்புக் குழு இருக்கும். நம் ஆலைகளிலோ கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி பெரும்பாலும் கோலாலம்பூர் பக்கமோ ஷா ஆலாமிலோ இருப்பார். இங்கே வந்து சேர அவருக்கு இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். நடு இரவில் கதிரை வீசும் கதிர்மூலம் கருவிக்கு வெளியே சிக்கிக்கொண்டால் முதல் முடிவைத் தொலைபேசியில் கேட்ட விவரத்தை வைத்தே அவர் எடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இந்த ஏற்பாடு அணுமின் நிலையத்தைவிட நமக்குத்தான் அதிகம் தேவை.

பேராக்காரர்களுக்குக் கதிரியக்கம் என்றதும் புக்கிட் மேரா அரிய மண் ஆலையும் அதன் தோரியக் கழிவும் நினைவுக்கு வரும். இது வேறு வகை ஆபத்து. எக்ஸ்ரே என்று நாம் சொல்லும் வேலைக்குப் பெரும்பாலும் பயன்படுவது இரிடியம்-192 என்ற கதிர்மூலம். விரல் நுனியைவிடச் சிறிய உறைக்குள் மூடி, ஒரு கம்பி முனையில் பொருத்தியிருப்பார்கள். அது குழாயையோ மண்ணையோ தண்ணீரையோ கதிரியக்கப் பொருளாக மாற்றாது. கதிரைத் தடுக்கும் புரொஜெக்டர் பெட்டிக்குள் திரும்பிப் போய்விட்டால் கொதிகலனில் எந்த மிச்சமும் இல்லை. வெளியே இருக்கும் நிமிடங்கள் மட்டுமே ஆபத்து. அந்த நிமிடங்களில் அது மிகக் கடுமையானது.

கணக்கைப் பாருங்கள். கியூரி என்பது கதிர்மூலத்தின் வலிமையை, மில்லிசீவர்ட் என்பது உடலில் படும் அளவைக் குறிக்கும் அலகு. ஒரு மில்லிசீவர்ட் ஆயிரம் மைக்ரோசீவர்ட். 50 கியூரி இரிடியத்தின் அருகே, மறைப்பு எதுவும் இல்லாமல் 1 மீட்டர் தூரத்தில் மணிக்குச் சுமார் 240 மில்லிசீவர்ட். அதாவது நிமிடத்துக்கு 4. கதிர்வீச்சுத் தொழிலாளிக்குச் சட்டம் அனுமதிக்கும் ஆண்டு வரம்பான 20 மில்லிசீவர்ட் ஐந்தே நிமிடத்தில் தீர்ந்துவிடும். 30 சென்டிமீட்டர் தூரத்தில் நின்றால் அரை நிமிடம் போதும். தூரம் இரண்டு மடங்கானால் அளவு நான்கில் ஒன்றாகும். 10 மீட்டரில் மணிக்கு 2.4 மில்லிசீவர்ட், 50 மீட்டரில் மணிக்குச் சுமார் 96 மைக்ரோசீவர்ட். வெல்டர், ஃபிட்டர், சாரம் கட்டுபவர், காவலாளி எவரும் பதிவு பெற்ற கதிர்வீச்சுத் தொழிலாளிகள் அல்லர். அவர்களுக்குப் பொதுமக்களுக்கான வரம்புதான், ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்.

எக்ஸ்ரே எடுப்பவருக்கு அளவு எங்கே சேர்கிறது என்று பார்ப்போம். படம் பதிவாகும் நேரத்தில் அவர் தள்ளிப் போய் நிற்கலாம். ஆனால் கிராங்க் என்ற கைப்பிடியைச் சுழற்றிக் கேபிள் வழியாகக் கதிர்மூலத்தை வெளியே தள்ளும்போதும் உள்ளே இழுக்கும்போதும் அவர் கிராங்கிடமே நிற்க வேண்டும். கதிர்மூலம் கைட் டியூப் என்ற வழிக்குழாயில் ஓடும் அந்தச் சில விநாடிகள், கதிரை ஒரு திசையில் மட்டும் விட்டு மற்றப் பக்கம் தடுக்கும் காலிமேட்டரின் மறைப்பும் கிடையாது. போக 10, வர 10 என்று ஒரு படத்துக்கு 20 விநாடி வைத்துக்கொள்வோம். கிராங்க் கேபிள் 7.5 மீட்டரில் முடிந்தால் படத்துக்குச் சுமார் 24 மைக்ரோசீவர்ட். 15 மீட்டர் கேபிளை முழுதாக நீட்டினால் 6. கொதிகலனின் 63.5 மில்லிமீட்டர் குழாயில் ஒரு வெல்டுக்கு 90 பாகை தள்ளி இரண்டு படம் எடுக்க வேண்டும். 20 குழாய் மாற்றினால் மேலும் கீழுமாக 40 வெல்டு, எல்லாவற்றையும் எடுத்தால் 80 படம். குட்டைக் கேபிளில் சுமார் 1.9 மில்லிசீவர்ட், நீளக் கேபிளில் அரை மில்லிசீவர்ட்டுக்கும் கீழே. ஒரே ஆள், ஒரே வேலை, நாலு மடங்கு வேறுபாடு. கொதிகலன் வீட்டில் இடம் நெருக்கடி என்று கேபிளைச் சுருட்டி வைத்துக்கொண்டு வேலை செய்வதை நிறுத்த ஒரு கேமராவும் ஒரு குரலும் போதும். ஆண்டு முடிவில் பேட்ஜ் அறிக்கையில் தெரியும் வித்தியாசம் இது.

அந்தப் பேட்ஜைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பட்ட கதிரைச் சேர்த்துவைத்துப் பின்னர் ஆய்வகத்தில் அளக்கும் பில்ம், டிஎல்டி போன்ற பேட்ஜுகள் சட்டப்படி தேவை, பதிவுக்கு நல்லவை. ஆனால் அவை ஆய்வகத்துக்குப் போய் முடிவு வந்து சேரும்போது நிறுத்த வேலையே முடிந்து ஆலை பழம் அரைக்கத் தொடங்கியிருக்கும். இன்று இரவு இரண்டாவது படத்தில் ஏதோ தவறாகிவிட்டது என்பது இன்று இரவு மூன்றாவது படத்துக்கு முன் தெரிய வேண்டும். கதிர் அளவை வானலையில் அனுப்பும் மின்னணு டோசிமீட்டர் அதைத்தான் செய்கிறது.

எங்கள் பரிந்துரையில் மூன்று கேமரா போதும். ஒன்று, கிராங்கையும் அதைச் சுழற்றுபவரின் கைகளையும் புரொஜெக்டரின் பூட்டையும் பார்க்கும். இரண்டாவது, கைட் டியூப் போகும் பாதை முழுவதையும் காலிமேட்டரையும் பார்க்கும். மூன்றாவது, கயிறு கட்டிய எல்லையில் ஆள் நுழையக்கூடிய வாசலை, பொதுவாகச் சாம்பல் அள்ளும் பக்கத்தை, பார்க்கும். நான்காவது வைக்க முடிந்தால் மேல்தளப் படிக்கட்டில் வையுங்கள். எல்லைக் கயிறு தரையில்தான் இருக்கிறது, மேலே நீராவி டிரம் பக்கத்தில் யாராவது இன்சுலேஷன் பிரித்துக்கொண்டிருப்பார் என்பதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். கதிர் மேலேயும் போகும்.

எக்ஸ்ரே குழுவில் இருவர், எல்லைக் காவலர் ஒருவர், மூவருக்கும் அலாரத்துடன் கூடிய டோசிமீட்டர். அலாரத்தை எல்லாருக்கும் ஒரே அளவில் வைத்தால் வேலை கெடும். கிராங்க் சுழற்றுபவர் ஒவ்வொரு முறையும் மணிக்கு 1 மில்லிசீவர்ட் அளவைத் தொடுவார். அவருக்கு மணிக்கு 100 மைக்ரோசீவர்ட்டில் அலாரம் வைத்தால் இரவெல்லாம் கத்தும், மூன்றாவது படத்தில் அணைத்துவிடுவார். அவருக்கு மணிக்கு 2 மில்லிசீவர்ட். பில்ம் மாற்ற உள்ளே போகும் உதவியாளர் கதிர்மூலம் பெட்டிக்குள் இருக்கும்போது மட்டுமே போகிறவர். மூடிய புரொஜெக்டரிலிருந்து 1 மீட்டரில் மணிக்கு 20 மைக்ரோசீவர்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆகவே அவருக்கு மணிக்கு 100 மைக்ரோசீவர்ட் சரியான எல்லை. அவருடைய அலாரம் ஒரு முறை அடித்தாலும் அது பொய் அலாரம் என்று யாரும் வாதாடக் கூடாது, வெளியே வந்த பிறகுதான் பேச்சு. கொதிகலன் வீட்டில் டீசல் ஜெனரேட்டர் ஓடும் சத்தத்தில் அலாரம் காதில் விழாது. அதிர்வு உள்ள கருவியாகக் கேளுங்கள், அல்லது அலாரம் ஹெட்செட்டுக்குள் ஒலிக்கும்படி செய்யுங்கள்.

இணைப்புதான் இந்த வட்டாரத்தில் பெரிய தலைவலி. இரும்புத் தகடும் கல்சுவரும் சூழ்ந்த இடத்தில் வைஃபை இரண்டு தளம் தாண்டாது, 4ஜி உள்ளே வராது. கேமராக்களுக்கு நெட்வொர்க் கேபிளே இழுங்கள். ஒரே கேபிளில் மின்சாரமும் படமும் போகும் வகை, ஓர் ஓட்டம் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. 4ஜி ரவுட்டரைக் கட்டடத்துக்கு வெளியே, உயரத்தில், வெளி ஆன்டெனாவோடு வையுங்கள். முடிந்தால் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம். நிறுத்த வேலையில் ஆலையின் டர்பைன் ஓடாது, மின்சாரம் டீசல் ஜெனரேட்டரில் வரும். பெரிய மோட்டார் ஒன்றை யாராவது இயக்கியதும் மின்னழுத்தம் இறங்கி ரவுட்டர் அணைந்து மறுபடி எழும், அதற்குள் இரண்டு நிமிடம் போய்விடும். ஒரு சிறிய யுபிஎஸ் இதைத் தீர்க்கும்.

இவ்வளவு செய்தும் இணைப்பு அறும். அதனால் இரண்டு திரை வேண்டும். முதல் திரை ஆலையிலேயே, எல்லைக்கு வெளியே பட்டறை அலுவலகத்தில். அதற்கு இணையம் தேவையில்லை, கேபிள் போதும். அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் அமர்ந்திருப்பார். இரண்டாவது திரை நகரத்தில் இருக்கும் பாதுகாப்பு அதிகாரியிடம். விதியை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்: முதல் திரையில் படமோ குரலோ டோசிமீட்டர் எண்ணோ அறுந்தால் கதிர்மூலம் உடனே உள்ளே போக வேண்டும். இரண்டாவது திரை அறுந்தால் ஓடிக்கொண்டிருக்கும் படத்தை முடிக்கலாம், அடுத்ததைத் தொடங்கக் கூடாது. இதை எழுதாமல் விட்டால், இணைப்பு போனதும் “இன்னும் நாலு படம்தானே” என்ற பேச்சு வரும். அந்த நேரத்தில் அதை மறுக்கும் துணிவு நாள் சம்பள உதவியாளருக்கு இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வேலை நடக்கும் முறையும் மாற வேண்டும். பகலில், புரொஜெக்டர் வண்டியை விட்டு இறங்கும் முன்பே, அன்றிரவு எடுக்கப்போகும் எல்லா வெல்டுகளுக்கும் எண் எழுதி, ஈய எழுத்துகளை ஒட்டி, பில்ம் வைக்கும் பட்டைகளைக் கட்டி முடித்துவிடலாம். கைட் டியூபையும் காலிமேட்டரையும் மட்டும் வைத்து ஒரு முறை வெறும் ஒத்திகை பாருங்கள். டியூபின் வளைவு எங்கும் அரை மீட்டர் ஆரத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் கதிர்மூலம் அங்கே சிக்கும். சாரக் குழாய் விழுந்தோ செயின் பிளாக் உரசியோ டியூப் நசுங்குவதும் இப்படித்தான் சிக்கவைக்கும். இரண்டாவது கேமராவில் இருப்பவரின் முதல் வேலையே டியூபில் நசுக்கலும் முறுக்கும் இல்லை என்று உறுதி செய்வது. இரவில் ஒவ்வொரு படத்துக்கும் முன் தொலைவிலிருப்பவர் மூன்றைக் கேட்டுப் பதில் வாங்குவார்: எல்லை காலி, உதவியாளர் வெளியே, கதிரை அளக்கும் சர்வே மீட்டர் கையில் இயங்குகிறது. படம் முடிந்து இழுத்த பிறகு பூட்டு விழுந்ததைக் கேமராவில் பார்ப்பார். எக்ஸ்ரே எடுப்பவர் சர்வே மீட்டரைக் காட்டியபடியே முதலில் புரொஜெக்டர் வரை, பிறகு கைட் டியூப் முழுவதும், கடைசியில் காலிமேட்டர் வரை நடப்பார். எண்ணைச் சத்தமாக வாசிப்பார். அதன் பின்தான் உதவியாளர் நகரலாம்.

அந்தக் கடைசி நடை தவறியதால்தான் உலகில் எத்தனையோ விபத்துகள். கேபிள் முனையிலிருந்து கதிர்மூலம் கழன்று டியூபுக்குள்ளேயே தங்கிவிடும், கிராங்க் முழுதாகத் திரும்பிவிடும், எல்லாம் முடிந்ததுபோலத் தோன்றும். மீட்டர் மட்டுமே உண்மை சொல்லும். ஆனால் அதையும் சரியாகப் பிடிக்க வேண்டும். சில பழைய கைகர் குழல் மீட்டர்கள் மிகக் கடுமையான கதிரில் திணறிச் சுழியைக் காட்டும். தூரத்திலிருந்தே போட்டுக்கொண்டு வந்து எண் ஏறுவதையோ ஏறாததையோ பார்க்க வேண்டும், அருகில் போய்ச் சுவிட்சைத் தட்டக் கூடாது. இன்னொன்று: காலிமேட்டருக்குப் பக்கத்துக் கேமராவில், கதிர்மூலம் வெளியே இருக்கும்போது படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும். உள்ளே போனதும் மறையும். இதைத் துணைச் சான்றாகப் பாருங்கள், மீட்டருக்குப் பதிலாகப் பார்க்காதீர்கள்.

1999 பிப்ரவரியில் பெரு நாட்டின் யனாங்கோ நீர்மின் நிலையத்தில் 37 கியூரி இரிடியம் கழன்று கிடந்தது. அது என்னவென்று தெரியாத வெல்டர் ஒருவர் எடுத்துக் கால்சட்டைப் பின் பையில் போட்டுக்கொண்டார். பல மணி நேரம் அவரோடு இருந்தது. அவருடைய கால் ஒன்றை அகற்ற வேண்டியதாயிற்று. 1984-இல் மொரோக்கோவின் முகமதியாவில் இப்படியொரு கதிர்மூலம் வீட்டுக்கே போய், எட்டுப் பேர் இறந்தார்கள். நம் நாட்டிலும் 2018 ஆகஸ்டில் சிரம்பானிலிருந்து ஷா ஆலாமுக்குக் கொண்டு போன இரிடியம் கருவி வழியில் காணாமல் போனது. நம் ஆலைகளில் எக்ஸ்ரே முடிந்த மறுநிமிடம் உள்ளே போவது வெல்டரும் ஃபிட்டரும். பிறகு சாம்பல் அள்ளும் தொழிலாளி. ஆலையை ஒட்டி லயன் வீடுகள் இருக்கும் தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. பளபளப்பான சிறு உலோகத் துண்டு கிடந்தால் தொடாதே, ஆளைக் கூப்பிடு என்று மலாய், தமிழ், வங்காளம், நேபாளி நான்கிலும் படத்தோடு எழுதி, ஒவ்வொரு நிறுத்த வேலைக்கும் முன் ஒட்டுங்கள்.

கதிர்மூலம் சிக்கிக்கொண்டால் தொலைக் கண்காணிப்பு செய்வது இது. முதல் நிமிடத்திலேயே பாதுகாப்பு அதிகாரி கண்ணால் பார்க்கிறார். எல்லையை விரிக்கச் சொல்கிறார். ஒரு முறை வெளியே தள்ளி மறுபடி இழுத்துப் பார்க்கச் சொல்கிறார். அது பலிக்காவிட்டால் யாரையும் அருகே போகவிடாமல், மீட்புக்குத் தகுதி பெற்றவர்கள் நீண்ட இடுக்கியும் ஈயக் குண்டுப் பைகளும் மறைப்புக் கலனும் கொண்டு வரும்வரை காத்திருக்கச் செய்கிறார். காத்திருப்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை. அவசரத்தில் கையால் டியூபை அசைத்துப் பார்ப்பவருக்கு விரல் போகும்.

எல்லைக் கோட்டையும் கணக்கிட்டுப் போட வேண்டும். பல நாடுகளில் பயன்படும் மணிக்கு 7.5 மைக்ரோசீவர்ட் அளவை எடுத்துக்கொண்டால், 50 கியூரிக்குக் காலிமேட்டர் இல்லாமல் சுமார் 180 மீட்டர் தேவை. பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் காலிமேட்டருக்கு 57 மீட்டர். நூறில் ஒரு பங்காகக் குறைக்கும் நல்ல டங்ஸ்டன் காலிமேட்டருக்கு 18 மீட்டர். இது பக்கவாட்டுக்கான கணக்கு, கதிர் பாயும் திசையில் எந்தக் குறைவும் இல்லை. எல்லா வேலைக்கும் ஒரே நீளக் கயிறு கட்டிவிட்டுப் போவதை இனி ஏற்க முடியாது. கணக்கைத் திரைக்கு முன் இருப்பவர் போட்டு, மீட்டரால் சரிபார்த்துப் பதிய வேண்டும்.

ஆலை நிர்வாகிகளே, உங்கள் அவசரம் எங்களுக்குத் தெரியும். வெட்டிய பழம் 24 மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் எண்ணெயின் அமிலம் ஏறும், வெளியே லாரிகள் நிற்கும். அந்த அவசரம் எக்ஸ்ரே குழுவின் தலையில் இறங்கக் கூடாது. இரிடியம் நாளுக்குச் சுமார் 1 விழுக்காடு வலிமை இழக்கும், 74 நாளில் பாதியாகும். பழைய கதிர்மூலம் வந்தால் ஒவ்வொரு படமும் இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். அதை முன்பே கேட்டு அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள். படமே குறைவாக எடுக்கவும் வழியுண்டு. பழத்தை வேகவைக்கும் ஸ்டெரிலைசரின் உடல், நீராவி டிரம் போன்ற தடித்த தகடுகளின் வெல்டுகளுக்கு, ஒலி அலையால் உள்ளே பார்க்கும் கட்ட வரிசை மீயொலிச் சோதனை (phased array) நன்றாகப் பொருந்தும். கதிரே இல்லை, பக்கத்தில் மற்ற வேலையும் நடக்கலாம். ஜேகேகேபி எனப்படும் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் அதிகாரியிடம் முன்கூட்டியே பேசி ஒப்புதல் வாங்குங்கள். 3, 4 மில்லிமீட்டர் சுவருள்ள குழாய்களில் அதற்குத் தேர்ந்த ஆளும் தனிக் கருவியும் வேண்டும், கிடைக்காவிட்டால் செலினியம்-75 என்ற கதிர்மூலத்தைக் கேளுங்கள். ஒரு கியூரிக்கு 1 மீட்டரில் அது தரும் அளவு இரிடியத்தில் பாதிக்கும் குறைவு, காலிமேட்டர் அதை எளிதாகத் தடுக்கும், மெல்லிய குழாயில் படமும் தெளிவாக விழும். விலை கூடுதல்தான். அந்தக் கூடுதலை ஏற்க வேண்டியவர் வேலை கொடுப்பவர்.

சோதனை நிறுவனங்களே, கேமரா வந்துவிட்டது என்று ஆலைக்கு இரண்டு பேருக்குப் பதில் ஒருவரை அனுப்பினால் இந்த மடலின் நோக்கமே தலைகீழாகும். தொலைவிலிருப்பவர் கூடுதல் ஆள். களத்தில் தகுதி பெற்றவரும் உதவியாளரும் இருந்தே ஆக வேண்டும். திரைக்கு முன் இருப்பவர் ஒரே இரவில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆலையைப் பார்க்கக் கூடாது. பதிவான காட்சியை வேலையாள் மீது குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வெட்டப் பயன்படுத்தினால், அடுத்த நிறுத்த வேலையில் கேமரா திரும்பியிருக்கும், லென்ஸில் கிரீஸ் பூசியிருக்கும். பாதுகாப்புக்கு மட்டுமே என்று எழுதிக் கொடுங்கள்.

ஆட்டம் மலேசியா அதிகாரிகளே, அணுசக்தி உரிமச் சட்டமான சட்டம் 304-இன் கீழ் உரிம நிபந்தனை போடும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. பாதுகாப்பு அதிகாரி களத்தில் இல்லாத எல்லா இரவு வேலைக்கும் தொலைக் கண்காணிப்பையும் உடனுக்குடன் அளவு அனுப்பும் டோசிமீட்டரையும் நிபந்தனையாக்குங்கள். இணைப்பு அறுந்த நேரங்களும் அலாரம் அடித்த நேரங்களும் அடங்கிய பதிவை வேலை முடிந்து ஏழு நாளுக்குள் கேளுங்கள். அந்த ஆலையில் வேலை செய்யும் யார் கேட்டாலும் தன் அளவைப் பார்க்கும் உரிமை வேண்டும்.

அடுத்த நிறுத்த வேலைக்கு விலை கேட்கும் முன் மூன்று தரப்பும் ஓர் ஆலையில் கூடிப் பேசலாம். கேமரா வைக்கும் இடங்களின் வரைபடம், கருவிப் பட்டியல், ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டிய வரிகள் எல்லாம் எங்களிடம் தயாராக இருக்கின்றன. எந்த ஆலை முதலில் முன்வருகிறதோ அங்கே ஒத்திகைக்கு நாங்கள் சம்பளம் கேட்காமல் வருகிறோம்.

இப்படிக்கு,
கொதிகலன் பழுதுபார்ப்பிலும் வெல்டிங் சோதனையிலும் இருக்கும் தெலுக் இந்தான் வட்டாரத் தொழில்நுட்பர்கள்